விற்ற பொருள் வாபஸ் இல்லை: பில்லின் கடைசி வரியை வாசித்தல்

கடைகளில் தரும் பில்லைக் கடைசி வரை வாசிக்கிறவர்கள் குறைவு. மேலே ஒரு சாமி, கடையின் பெயர், ஜி.எஸ்.டி. எண், பொருள், விலை, கூட்டுத்தொகை. அதற்கும் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: 'விற்ற பொருள் வாபஸ் பெறப்படமாட்டாது.' அதை ஒட்டியே 'நன்றி, மீண்டும் வருக' என்றும் இருக்கும். மீண்டும் வரலாம், வாங்கிய பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு மட்டும் வரக்கூடாது.

இந்த வரியின் இலக்கணத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். செயப்பாட்டுவினை. வாபஸ் வாங்க மறுப்பவர் யார் என்று வாக்கியத்தில் இல்லை. முதலாளி இல்லை, மேனேஜர் இல்லை, கல்லாவில் இருப்பவரும் இல்லை. அரசு அலுவலகச் சுவர்களில் 'அனுமதிக்கப்படமாட்டாது' என்று எழுதி வைத்திருப்பதைப் போல, எங்கிருந்தோ ஒரு குரல் மட்டும் வருகிறது. 'வாபஸ்' என்ற பாரசீகச் சொல்லையும் பாருங்கள். வேட்புமனு வாபஸ், வழக்கு வாபஸ், போராட்டம் வாபஸ். நமக்கு நன்றாகப் பழகிய வாபஸ்கள்தான். பத்து நாள் பந்தல் போட்டு உட்கார்ந்த போராட்டத்தையே வாபஸ் வாங்கிவிட முடிகிற நாட்டில் 620 ரூபாய்ச் சேலையை வாபஸ் வாங்க முடிவதில்லை.

இதை ஒரு பிரதியாக எடுத்து வாசிக்கலாம் என்று தோன்றியதற்குக் காரணம் எங்கள் தெரு அக்கா ஒருவர். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது எழுத்துக்கூட்டிப் படிக்கவும் சைக்கிள் மிதிக்கவும் கற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கான பெண்களில் அவரும் ஒருவர். கல் உடைக்கும் வேலை பார்த்தவர். இப்போது அறுபதைத் தாண்டியாயிற்று. இன்னமும் அச்சடித்த தாள் எது கையில் கிடைத்தாலும் விரலை ஓட்டிச் சத்தமாகப் படிப்பார். மாத்திரை அட்டை, பஸ் டிக்கெட், கல்யாணப் பத்திரிகை எல்லாம். பேத்தியின் காதுகுத்துக்கு நாத்தனாருக்கு வைத்துக் கொடுக்க ஒரு சேலை எடுத்திருந்தார். வீட்டில் பகல் வெளிச்சத்தில் விரித்தபோது முந்தானைக்குப் பக்கத்தில் நாலு விரல் அகலத்துக்கு இழை விட்டுப் போயிருந்தது. 'தம்பி, நீ கூட வா. படிச்ச ஆளு ஒருத்தர் இருந்தா மரியாதையாப் பேசுவாங்க' என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். என் மரியாதையின் அளவு சீக்கிரமே தெரிந்துவிட்டது.

காலை ஒன்பதரை மணி. வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். 'இன்னும் போணி ஆகலை. மாத்துறதுன்னா அப்புறமா வாங்க.' அக்காவுக்கு இது புதிதில்லை. பேசாமல் படியில் உட்கார்ந்துகொண்டார். போணி ஆவதற்கு முன் திருப்பிய பொருளைத் தொட்டால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும். விளக்கு வைத்த பிறகும் வாங்கமாட்டார்கள், லட்சுமி வெளியே போய்விடுவாள். வெள்ளிக்கிழமை என்றால் யோசிப்பார்கள். தீபாவளி, பொங்கல் சமயத்தில் பேச்சே கிடையாது. 'ஆடித் தள்ளுபடியில் எடுத்த துணிகள் மாற்றித் தரப்படமாட்டாது' என்று தனிப் பலகை. இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. நம் பகுத்தறிவு மரபும் அதைத்தான் செய்யும். ஆனால் இந்த நல்ல நேரம் கெட்ட நேரத்துக்குள் ஒரு ஒழுங்கு இருக்கிறது. விற்பனை மங்கலம், திரும்பி வருவது அமங்கலம். திருப்பிக் கொடுக்க வந்தவள், முகூர்த்த நேரத்தில் எதிரே வந்துவிட்ட தாலியில்லாதவளைப் போல ஓரமாக நிற்க வேண்டும். ஜவுளிக்கடையின் பொருளாதாரம் இந்தச் சடங்குமொழியில்தான் தன்னைப் பேசிக்கொள்கிறது. கணக்கு அதற்கு உள்ளே இருக்கிறது.

போணி ஆயிற்று. உள்ளே போனோம். கவுண்டரில் இருந்தவர் சேலையை வாங்கினார். இழை விட்ட இடத்தை அக்கா விரித்துக் காட்டுவதற்குள் மடிப்பை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். 'கட்டிட்டுக் கொண்டாந்தியா?'

'இல்லப்பா, பிரிச்சுப் பாத்ததோட சரி.'

'போன மாசமும் பாவாடை மாத்த வந்தது நீதானே? உனக்கு இதே பொழப்பாப் போச்சு.'

'அளவு பத்தல, மாத்துனேன். இது இழை விட்டுருக்கு. நானா நெஞ்சேன்?'

இந்த நாலு வரி உரையாடலில் துணியின் குறையைப் பற்றிக் கடைக்காரர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விசாரணை முழுவதும் கொண்டுவந்த ஆளின் மீதே நடக்கிறது. பொருள் சாட்சியாகக்கூட ஏற்கப்படவில்லை, மோந்து பார்ப்பதற்கான தடயமாக மட்டும் இருக்கிறது. தலைக்கு வைக்கிற எண்ணெய், அடுப்புப் புகை, வேர்வை இவற்றில் ஏதாவது துணியில் ஏறியிருக்கிறதா? அதாவது அந்த உடம்பு இந்தத் துணியைத் தொட்டதா?

உடுத்திய துணியை அடுத்தவருக்கு விற்க முடியாது, சுகாதாரம் இருக்கிறது, உள்ளாடைகளைப் பல கடைகளில் திரும்ப வாங்குவதில்லை என்று பதில் வரும். உண்மைதான். ஆனால் எல்லா உடம்பையும் ஒரே மூக்கு ஒரே மாதிரி மோந்து பார்ப்பதில்லை. 2022 டிசம்பர் இறுதியில், வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதை விசாரிக்க மாவட்ட ஆட்சியர் இறையூருக்குப் போனபோது அங்கிருந்த டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்தது தெரியவந்து வழக்குப் பதிவானது. இரட்டைக் குவளையை யோசித்துப் பார்த்தால் அதுவும் பொருள் திரும்பி வருவதைப் பற்றிய விதிதான். டீ கிளாஸ் விற்பனைக்கு இல்லை, வாடிக்கையாளர் குடித்துவிட்டுத் திருப்பித் தர வேண்டிய பொருள். யாருடைய உதடு தொட்ட கிளாஸ் மறுபடி அலமாரிக்கு வரலாம், யாருடையது தனியாக இறவாணத்தில் செருகப்பட வேண்டும் என்பதே அங்கே பிரச்சினை. ஜவுளிக்கடைக்காரரின் மூக்கும் டீக்கடையின் தனிக்குவளையும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. ஒன்று சட்டப்படி குற்றம், மற்றது அன்றாட வியாபாரம். ஆனால் திரும்பி வரும் பொருளின் மேல் ஒட்டியிருக்கும் உடம்பைத் தேடுகிற பார்வை, இந்த மாவட்டத்தில் வெறும் சுகாதாரத்திலிருந்து மட்டும் வந்திருக்க முடியாது.

நாங்கள் நின்றுகொண்டிருந்தபோதே ஒரு கார் வந்தது. டிரைவர் ஒரு பையைக் கொண்டுவந்து வைத்தார். எட்டுச் சேலை எடுத்துப் போயிருக்கிறார்கள், மூன்றை வைத்துக்கொண்டு ஐந்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். யாரும் மோந்து பார்க்கவில்லை. பில் கேட்கவில்லை. 'அம்மாவுக்குப் பிடிச்சுதாமா? புது ஸ்டாக் வந்துருக்கு, வேணா அனுப்பி வைக்கவா?' என்று போனில் கேட்டார்கள். ஐந்து சேலை திரும்பி வந்ததற்குப் பெயர் ரிட்டர்ன் இல்லை. அது 'செலக்‌ஷன்'. சட்டத்திலும் இதற்குத் தனி இடம் உண்டு. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 24ஆம் பிரிவு, பிடித்தால் வைத்துக்கொள், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பு என்ற அடிப்படையில் கொடுக்கப்படும் சரக்கைப் பற்றியது. வாங்குகிறவர் சம்மதம் தெரிவிக்கும்வரை அல்லது நியாயமான காலம் கழியும்வரை விற்பனையே நடக்கவில்லை என்பது அதன் சாரம். விற்பனையே நடக்காதபோது வாபஸ் என்ற பேச்சு எங்கே வருகிறது? அக்காவுக்கு மட்டும் காசு கைமாறிய நொடியில் விற்பனை முடிந்துபோகிறது.

மார்க்ஸ் 'மூலதன'த்தின் முதல் தொகுதியில் சரக்கு பணமாக மாறுவதை உயிரைப் பணயம் வைக்கும் ஒரு பாய்ச்சலுக்கு ஒப்பிட்டிருப்பது பலருக்கும் நினைவிருக்கும். விற்காமல் போனால் கடைக்காரன் செத்தான். பாய்ந்து முடித்தபின் கல்லாவில் விழுந்த காசைப் பார்த்து மூச்சு விடுகிறான். திருப்பிக் கொடுக்க வருகிறவள் அந்தப் பாய்ச்சலைப் பின்னோக்கி ஓட்டிக் காட்டுகிறாள். பணம் மறுபடி சேலையாகிறது. ஆகவேதான் அந்த எரிச்சல். பில்லின் கடைசி வரி, பாய்ச்சல் முடிந்தது, கயிற்றை அறுத்தாயிற்று என்ற அறிவிப்பு. ஆனால் கயிறு எல்லாருக்கும் அறுக்கப்படுவதில்லை என்பதைத்தான் டிரைவர் கொண்டுவந்த பை காட்டிக்கொடுத்தது. அந்த வரி ஒரு விதியாக இயங்கவில்லை. விலக்கு அளிக்கும் அதிகாரத்தைக் கடைக்காரரிடம் வைத்திருப்பதற்கான ஏற்பாடாக இயங்குகிறது. யாருக்குத் தளர்த்துவது என்பதை அவர் முகம் பார்த்து முடிவு செய்வார். தளர்த்தும்போது அது தயவு. 'உனக்காகத்தான் மாத்தித் தர்றேன், வெளிய சொல்லாத.'

சட்டம் என்ன சொல்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986இல் வந்தது. விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று பில்லில் அச்சடிப்பது முறையற்ற வணிக நடைமுறை, அதைத் தடுக்க வேண்டும் என்று 1999இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை மாநிலங்களுக்கு எழுதியது. 2019ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. குறைபாடுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது முறையற்ற நடைமுறை என்று அது நேரடியாகவே சொல்கிறது. ஆக அந்தப் பொடி எழுத்து வரிக்குச் சட்டத்தின் முன் பெரிய மதிப்பில்லை. இருந்தும் அச்சாகிக்கொண்டே இருக்கிறது. படிக்கிறவர்கள் அதை நம்புகிறார்கள் என்பது போதும் அதற்கு. அக்கா எழுத்துக்கூட்டிப் படித்து நம்பினார். எழுத்தறிவு கைக்கு வந்ததும் முதலில் கிடைக்கிற வாசிப்புப் பொருட்களில் ஒன்று, தனக்கு உரிமை இல்லை என்று சொல்லும் ஒரு பொய் வாக்கியம்! எழுதப்பட்டதாலேயே உண்மையாகிவிடும் பிரதிகளைப் பற்றி நாம் எவ்வளவோ எழுதியிருக்கிறோம், பில்லை மட்டும் யாரும் படிக்கவில்லை.

சட்டத்துக்கும் ஒரு எல்லை இருக்கிறது. 'குறைபாடு' என்ற சொல்லைத் தாண்டி அது போகாது. குழல்விளக்கின் கீழ் மாம்பழ மஞ்சளாகத் தெரிந்த நிறம் வீட்டில் வேறாக இருந்தால் அது குறைபாடா? பின்னால் நிற்கும் கூட்டம் தள்ள, 'சீக்கிரம் சொல்லும்மா' என்ற அவசரத்தில் எடுத்தது குறைபாடா? ஐரோப்பிய ஒன்றியத்தில் கடைக்கு நேரில் போகாமல் வாங்கிய பொருளை 14 நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம். காரணம் சொல்ல வேண்டாம் என்பதுதான் அதில் முக்கியம். இங்கே காரணம் சொல்லியே தீர வேண்டும், சொல்கிற காரணம் நம்பப்படவும் வேண்டும். ஐந்து லட்சம் வரை மதிப்புள்ள வழக்குக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. புதுக்கோட்டையிலும் ஆணையம் இருக்கிறது. ஆனால் 620 ரூபாய்க்காக எத்தனை நாள் கூலியை விட்டுவிட்டு எத்தனை வாய்தாவுக்குப் போவது?

இவ்வளவு கறாராகப் பேசும் கடை, தன் வாழ்க்கையில் திருப்பிக் கொடுத்ததே இல்லையா? இந்த இடத்தில்தான் விஷயம் சுவாரசியமாகிறது. விற்காத பொருளை, காலாவதியான பொருளை, டேமேஜ் ஆனதைப் பெரிய கடைகள் சப்ளையருக்கு மூட்டை கட்டி அனுப்புகின்றன. அதற்கென்று தனி ரசீது, தனிக் கணக்கு. சிறுபத்திரிகைக்காரர்களான நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இருபது பிரதி அனுப்பினால் எட்டு மாதம் கழித்துப் பதினேழு திரும்பி வரும், ஒன்றின் அட்டையில் டீ வட்டம் இருக்கும், யாரும் நம்மிடம் காரணம் சொல்லமாட்டார்கள். நாமும் மோந்து பார்ப்பதில்லை.

மேலே போகப் போகத் திருப்பும் அதிகாரம் பெருகுகிறது. 2020 மார்ச், ஏப்ரலில் கொரோனா வந்தபோது மேலைநாட்டுப் பெரிய துணி நிறுவனங்கள் வங்கதேசத்துக்குக் கொடுத்திருந்த சுமார் 300 கோடி டாலர் ஆர்டர்களை ரத்து செய்தன, இல்லாவிட்டால் நிறுத்தி வைத்தன. அவற்றில் தைத்து முடித்த துணிகளும் இருந்தன. திருப்பூரில் தரப் பரிசோதனையில் கழிக்கப்பட்ட பனியனும் டி-ஷர்ட்டும் காதர்பேட்டை வழியாகத் தமிழ்நாட்டுச் சந்தைகளுக்கெல்லாம் வருகின்றன. ஒரு தையல் கோணலுக்காக ஐரோப்பிய வாங்குநர் வேண்டாம் என்ற சட்டை நம் சந்தையில் தார்ப்பாயில் குவிந்து கிடக்கிறது. அதை வாங்கும் கூலிக்காரர் அந்தக் கோணலோடுதான் உடுத்த வேண்டும், அவருக்குப் பில்லே கிடையாது. ஒரே கோணல்தான். ஒருவருக்கு அது நிராகரிக்கும் உரிமை, இன்னொருவருக்கு 'அந்த விலைக்கு அப்படித்தான் இருக்கும்.'

நகைக்கடையை இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அங்கே வாபஸ் தாராளம். 'பழைய நகையைக் கொண்டு வாங்க' என்று விளம்பரமே செய்கிறார்கள். கொண்டுவந்தால் செய்கூலி போச்சு, சேதாரம் போச்சு, கல் எடை கழிவு. புதிதாக எடுக்கும் நகைக்கு மறுபடி செய்கூலி, மறுபடி சேதாரம். ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் கடைக்கு ஒரு கிள்ளு மிச்சம். அடிக்கடி திருப்புகிறவள் அங்கே 'நம்ம கஸ்டமர்', அவளுக்கு நாற்காலி உண்டு. லட்சுமி வெளியே போவதாக அங்கே யாரும் பயப்படுவதில்லை.

சின்னக் கடைக்காரர்களின் தரப்பையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இது ஒருதலைப்பட்சமாகிவிடும். கல்யாணத்துக்குக் கட்டிவிட்டு மறுநாள் மடித்துக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. அதில் கூலிக்காரப் பெண்களைவிட வசதியானவர்கள் குறைவு என்று யாரும் நிரூபித்ததில்லை. சூரத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் ரொக்கம் கொடுத்துச் சரக்கு எடுக்கும் ஒற்றைக் கதவுக் கடைக்காரரிடமிருந்து மொத்த வியாபாரி எதையும் திரும்ப வாங்குவதில்லை. பெரிய கடைக்கு இருக்கும் பேரம் இவருக்கு இல்லை. மேலிருந்து வரும் 'வாபஸ் இல்லை'யைத்தான் அவர் கீழே தள்ளிவிடுகிறார். பெரிய கடைகளிலோ தள்ளிவிடப்படுவது சேல்ஸ் பெண்ணின் தலையில். அவள் விற்ற சேலை திரும்பி வந்தால் 'நீ என்ன காட்டி வித்த?' என்று அவளுக்குத் திட்டு. தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தவே 2021 வரை ஆகியிருக்கிறது. அன்றைக்கு அக்காவை முறைத்த பெண்ணின் கால்களை நான் பார்த்தேன், நரம்பு சுருட்டியிருந்தது. திருப்பிக் கொடுக்க வந்தவளும் மடித்து வைக்க வேண்டியவளும் ஒருவரையொருவர் எதிரியாகப் பார்க்கும்படி கவுண்டர் அமைக்கப்பட்டிருக்கிறது. முதலாளி கல்லாவில் போன் பேசிக்கொண்டிருந்தார்.

இனி 'உனக்கு இதே பொழப்பா' என்ற வாக்கியத்துக்குத் திரும்பலாம். இரண்டு தடவை வந்தவள் 'அடிக்கடி' வருகிறவள் ஆனது எப்படி? பாவாடை அளவு வேறு, சேலை இழை வேறு. இரண்டு தனித்தனிக் குறைகள். அவை ஒரு ஆளின் பெயரில் கூட்டப்பட்டவுடன் குணமாகிவிடுகின்றன. பொருளின் குறை ஆளின் குற்றமாக மொழிபெயர்க்கப்படும் இடம் இந்த 'அடிக்கடி'. இதே மொழிபெயர்ப்பைக் கணினி வைத்து அமெரிக்கக் கடைகள் செய்கின்றன. தி ரீட்டெய்ல் ஈக்வேஷன் என்ற நிறுவனம் பல கடைகளுக்காக ஒவ்வொருவரும் எதை, எப்போது, எவ்வளவுக்குத் திருப்பினார் என்று கணக்கு வைத்து, இனி இவரிடமிருந்து வாங்கலாமா கூடாதா என்று சொல்லிவந்தது. பெஸ்ட் பை கடைகளில் அதனால் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் புகார்கள் 2018இல் பத்திரிகைகளில் வந்தன. அதே ஆண்டு, அதிகமாகத் திருப்பிய சிலரின் கணக்குகளை அமேசான் மூடியதும் செய்தியானது. டெல்யூஸ் 1990இல் எழுதிய கட்டுப்பாட்டுச் சமூகங்கள் பற்றிய சிறு கட்டுரையை இதோடு சேர்த்து வாசிக்கலாம். சுவரும் காவலாளியும் தேவையில்லை, ஒரு எண் போதும், கதவு ஒருவருக்குத் திறக்கும், ஒருவருக்குத் திறக்காது. நம் கவுண்டர்க்காரர் ஞாபகத்தில் வைத்திருந்த முகத்துக்குப் பதில் அங்கே ஒரு மதிப்பெண். முகத்தோடாவது சண்டை போடலாம்.

இப்போது செல்போன் செயலிகள் கிராமம் வரை வந்துவிட்டன. எங்கள் தெருப் பெண்கள் அதில் துணி வாங்குவதற்கு விலை மட்டும் காரணமில்லை என்று பேசிப் பார்த்ததில் தெரிந்தது. 'பிடிக்கலன்னா அமுக்குனாப் போதும், வந்து எடுத்துட்டுப் போயிருவாங்க. எவன் மூஞ்சியும் பாக்க வேண்டாம்.' அந்தக் கடைசி வாக்கியத்தில் எத்தனை வருஷ கவுண்டர் இருக்கிறது! சந்தையைப் பற்றி நம்மிடம் இருக்கும் விமர்சனங்கள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டும், இதை ஒரு சின்ன விடுதலையாக ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. அதற்குள்ளேயே அடுத்த கண்ணி. ஒரு செயலியில் ஒரே சேலைக்கு இரண்டு விலை காட்டுகிறது. காரணமின்றித் திருப்பலாம் என்றால் ஒரு விலை, தவறான பொருளோ பழுதோ வந்தால் மட்டுமே திருப்பலாம் என்றால் அதைவிடக் குறைந்த விலை. மனம் மாறும் உரிமை தனியாக எடை போட்டு விற்கப்படுகிறது. வசதியில்லாதவர்கள் எந்த விலையை அமுக்குவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

அன்றைக்குக் கடையில் பணம் தரவில்லை. 'மாத்திக்க, ஆனா குறைஞ்ச விலைக்கு மாத்த முடியாது.' 740 ரூபாய்ச் சேலை ஒன்றைக் காட்டினார்கள். அக்கா மேற்கொண்டு 120 ரூபாய் கொடுத்தார். நான் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். 'நீங்க வக்கீலா சார்?' என்றார் கவுண்டர்க்காரர். இல்லை என்றேன். 'அப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கஸ்டமர் நிக்கிறாங்க.'

தைப்பொங்கலுக்கு முன்னால் பேத்தி அவருக்குச் செயலியில் ஒரு சேலை வாங்கிக் கொடுத்தாள், குறைந்த விலைக்காரச் சேலைதான். படத்தில் பச்சை, வந்தது நீலம். திருப்பி எடுக்க வந்த பையன் ஆலங்குடிப் பக்கத்துக்காரன், டிகிரி முடித்தவன், முதுகில் அவனைவிடப் பெரிய பை. உறையைப் பிரித்து நாலு பக்கமும் போட்டோ எடுத்தான். அக்கா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: 'தம்பி, மோந்து பாக்கலையா?'

அவனுக்குப் புரியவில்லை. 'அதெல்லாம் அங்க குடோன்ல பாத்துக்குவாங்கக்கா' என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டு நம்பரைத் தேடிக்கொண்டு போய்விட்டான்.